சுரங்க வாயிலில் நிற்போம்

(தங்கவயல் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் அகமகிழ்வும் உண்டு. அவற்றிடையே துயரம் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்கும்போது நம் வீட்டு விருந்து தொண்டையில் இறங்குமா? ஆகவே, நெடும்போரில் நைந்த ஈழத்து மக்களை நினைந்து சில சொற்கள் கூற விழைகின்றோம்.

அவர்கள் நமக்கு யார்? 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இம்மண்ணில் பொன் தோண்டத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டனார் பிழைப்புத் தேடி வந்தனர். அதே தமிழகத்தின் மக்களே கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து இலங்கை மலைநாட்டுக்கும் சென்றனர். இங்கே பொன், அங்கே தேயிலை. இங்கே லைன் வீடு, அங்கே லயம். கரைகள் இரண்டாயினும் வியர்வை ஒன்றுதான்.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மலையக மக்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமரும் கூடி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென உடன்பட்டனர். அம்மக்களின் மனத்தைக் கேட்டவர் யார்? 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்ட மலையகத்தார் பலர் பாதுகாப்பை நாடி வன்னிக்குச் சென்று குடியேறினர். பின்னர் 1983-இல் மூண்ட போர் அவர்களையும் விடவில்லை. 2009 மே மாதத்தில் அது முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் பிறந்தவர்களோடு அவர்களும் அந்நெருப்பின் நடுவே நின்றனர். தப்பியவர்களில் 2,50,000-க்கும் மேற்பட்டோர் வவுனியாப் பகுதியில் முள்வேலிக்குள் அடைபட்டனர்.

ஒன்றை மறவாது சொல்லவேண்டும். 1990 அக்டோபரில், தமிழே பேசும் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு அளித்த கெடு சில மணி நேரமே. அவர்களுடைய கண்ணீருக்கு நம் நெஞ்சில் இடமில்லையாயின், நாம் காட்டும் இரக்கம் அரை இரக்கமே ஆகும்.

அன்பர்களே! நம் ஊரில் நிலத்தடியில் பாறை வெடிக்கும். மேலே வீட்டுச் சுவர் நடுங்கும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அதனை அழைத்தோம். உடனே உலையில் அரிசியை விட்டபடி பெண்டிர் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். உள்ளே இருப்பவன் எவர் மகன் என்று எவரும் கேட்டதில்லை. தன் கணவன் மேலேறி வந்துவிட்ட பின்னரும் அடுத்தவள் கணவனுக்காக நின்றவர் உண்டு. அந்த நிற்றல்தான் நம் குலதனம்.

இன்று ஈழத்திலும் தாய்மார் அவ்வாறே நிற்கின்றனர். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சிச் சாலையோரம் அமர்ந்தனர். ஆண்டுகள் பல உருண்டோடின. விடை கேளாமலே கண்மூடிய தாயரும் பலர். நம் சுரங்கம் இறந்தவனின் உடலையேனும் பெரும்பாலும் திருப்பித் தந்தது. அவர்களுக்கோ அதுவும் இல்லை.

இந்நிலையில் நம்பிக்கை என்பது என்ன? ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று தொலைவிலிருந்து சொல்வது நம்பிக்கை ஆகாது. ‘நீங்கள் தனியாக நிற்கவில்லை’ என்று அருகில் சென்று நிற்பதே நம்பிக்கை. 1981-இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகம் மீண்டும் எழுந்து நிற்கின்றது. பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர். சாம்பலின்மேல் அலமாரி அமைத்த அம்மக்களுக்கு நாம் தைரியம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து கற்கவேண்டியவர்கள் நாமே. 2001-இல் சுரங்கம் மூடியபோது இவ்வூர் அழிந்தது என்றனர். இன்றும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்பி, நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றோம். நம் இழப்பு அவர்கள் இழப்புக்கு ஈடன்று. எனினும், கைவிடப்பட்டோம் என்னும் சொல்லின் கசப்பை நாமும் சிறிது அறிவோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நமக்கு அண்மையிலுள்ள கிருஷ்ணகிரி, வேலூர் மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கேயே பிறந்து வளர்ந்தும் எந்நாட்டவர் என்ற கேள்வியைச் சுமந்த இளைஞர் பலர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் குடும்பங்கள் அங்கே செல்லட்டும். பழந்துணி கொடுத்துத் திரும்புவதற்காக அன்று. உடன் அமர்ந்து உண்டு, பேசி, உறவு கொள்வதற்காக. அவர்கள் பிள்ளைகளை நம் அடுத்த விழாவுக்கு அழைப்போம். இம்மேடையில் அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

உக்ரைன், காசா, சூடான் என்று போர் தீண்டிய நாடுகள் இவ்வாண்டுகளில் எத்தனை! எல்லா இடத்துக்கும் நம் கை எட்டாது. எட்டும் இடத்திலேனும் நீட்டுவோம்.

கடைசி ஆள் மேலேறி வரும்வரை சுரங்க வாயிலை விட்டு நாம் அகன்றதில்லை. இப்போதும் அகலோம். வாழ்க தமிழ்! வளர்க மனித நேயம்!