நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலையின் பெருமையைப் பலரும் பேசிவிட்டார்கள். வைத்தியத் துறைக்குப் போன நாங்கள் எங்கள் தொழிலில் இருந்து ஒரு விடயத்தைச் சொல்ல விரும்புகிறோம். புற்றுநோய் முற்றியவர்களின் வலி பற்றியது அது. விழா நாளில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இந்த மண்டபத்தில், குடும்பத்தில் ஒருவரையேனும் இந்த நோய்க்குக் கொடுக்காதவர்கள் எத்தனை பேர்?

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் நாங்கள் ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருந்தோம்: "இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை, வீட்டை கொண்டுபோங்கோ." அப்படி அனுப்பிய ஒரு தாயின் மகள் சில வாரங்களுக்குப் பின் மரணச் சான்றிதழ் அலுவலாக வந்தார். கடைசிப் பதினொரு நாளும் அம்மா நித்திரை கொள்ளவில்லை, அயலட்டைக்கே அவருடைய சத்தம் கேட்டது என்றார். எங்களை ஏசவில்லை. நாங்கள் அந்தத் தாய்க்குக் கொடுத்து அனுப்பியது பனடோல் குளிசை. செய்வதற்கு நிறைய இருந்தது, எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள வழிசெய்தவர் சிசிலி சோண்டர்ஸ். 1918 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் தாதியாகப் பயிற்சி பெற்றார். முதுகு வலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் வைத்தியசாலைச் சமூக சேவையாளரானார். 1948 இல் டேவிட் தஸ்மா என்ற போலந்து நாட்டு அகதி அவருடைய பராமரிப்பில் புற்றுநோயால் இறந்தார். சாகப் போகிறவர்களுக்கென ஒரு இல்லம் அமைப்பது பற்றி இருவரும் பேசியிருந்தார்கள். அந்த இல்லத்தில் ஒரு யன்னலாகத் தான் இருப்பதற்கென்று தஸ்மா 500 பவுணை அவருக்கு எழுதி வைத்தார். தாதி சொல்வதை வைத்தியர்கள் கேட்கமாட்டார்கள், நீயே வைத்தியம் படி என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் சொல்ல, 33 வயதில் மருத்துவ மாணவியாகச் சேர்ந்து 1957 இல் வைத்தியரானார். 'வயது போய்விட்டது' என்று சொல்லும் எங்கள் தோழிகள் சிலருக்காக இதைக் குறிப்பிட்டோம்.

பின்னர் லண்டன் ஹக்னியில் உள்ள சென் ஜோசப் இல்லத்தில் ஆராய்ச்சி செய்தார். அந்தக் காலத்தில் நோயாளி வலி தாங்காமல் கேட்ட பிறகுதான் மோபின் ஊசி போடுவார்கள். அது குறைந்ததும் அடுத்த ஊசிக்காக மணிக்கூட்டைப் பார்த்தபடி கிடக்கவேண்டும். சோண்டர்ஸ், வேறொரு இல்லத்தில் தாதியர் செய்யக் கண்ட முறையை இங்கே கொண்டுவந்தார். மோபின் வகை மருந்தை வாயால், நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, வலி திரும்ப வருவதற்கு முன்பே கொடுப்பது. அவ்வளவுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் குறிப்புகளைச் சேர்த்தார். அவர்களுடைய பேச்சை ஒலிநாடாவிலும் பதிந்தார். வலி அடங்கியவர்கள் மருந்துக்கு அடிமையாகவில்லை, மயங்கிக் கிடக்கவில்லை; எழும்பி இருந்து சாப்பிட்டார்கள், கதைத்தார்கள். 1967 இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். யன்னல் கிடைத்து வீடு கட்ட 19 வருடம் எடுத்தது.

வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் சேர்ந்தே இருக்கிறது என்பதையும் அவர் நோயாளரின் வாயில் இருந்தே எடுத்தார். எங்கள் கிளினிக்கில் "எங்கையம்மா நோகுது?" என்று கேட்டால் காணாமற்போன மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் தாய்மார் இருக்கிறார்கள். முதலில் அதைப் பேச்சு மாற்றுவதாகத்தான் நினைத்தோம்.

இந்தப் பராமரிப்பு என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு தகவல். 2010 இல் அமெரிக்காவில் ஜெனிபர் டெமல் என்ற வைத்தியரும் குழுவினரும், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். வழமையான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய் தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள். இடைநிலைக் கணக்கில் மற்றவர்களை விட இரண்டரை மாதத்துக்கும் மேலாக உயிரோடும் இருந்தார்கள்.

இனி, கடல் கடந்து இருக்கும் தோழிகளுக்கு. ரொறன்ரோவில் இருந்தும் சிட்னியில் இருந்தும் எங்களுக்கு அழைப்பு வரும். "டொக்டர், மோபின் மட்டும் தொடங்காதேங்கோ, அம்மா அதோட போயிடுவா." உங்கள் அன்பு எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள் இல்லை. உங்கள் தங்கையோ சம்பளத்துக்கு வந்த பிள்ளையோதான். சரியான அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூட்டினால் மோபின் ஆளைக் கொல்லாது. மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து சேர்த்தே கொடுக்கவேண்டும். அடுத்த முறை எடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: மருந்து நேரத்துக்குக் கொடுபடுகிறதா? மலம் போகிறதா? படுக்கும்போது கொடுக்கும் அளவு விடியும்வரை காணுமா? அம்மா இரவு நித்திரை கொண்டாவா?