விற்பனை வேறு, இலாபம் வேறு
(ரெங்கம் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



சிறுதொழில் தொடங்க விரும்புவோர் முதலில் கூறுவது, "கையில் முதல் இல்லை" என்பதாகும். முதல் வேண்டியதே. ஆயினும் நம்மவர் தொழில்கள் பல, முதல் கிடைத்த பின்னரே முடங்குகின்றன. காரணம் கணக்கின்மை.

பால் மரம் வெட்டும் உங்களுக்கு இதனை விளக்குவது எளிது. வாளியில் நிறுக்கும் பால் அனைத்தும் ரப்பர் அன்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர், எஞ்சியதில் பெரும்பகுதி நீர். விற்பனைப் பணமும் அவ்வாறே. ஓர் அம்மையார் ஒரு நாளில் 90 வெள்ளிக்குப் பலகாரம் விற்கிறார் எனக் கொள்வோம். மாவு, எண்ணெய், எரிவாயுவுக்கு 52 வெள்ளி. மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு 8 வெள்ளி. கடனாகக் கொடுத்தது 15 வெள்ளி. அன்று கையில் நிற்பது 15 வெள்ளியே. எழுதி வைக்காதவர் 90 வெள்ளியையும் தம்முடையது என்று எண்ணி, மளிகைக் கடனை அடைத்துவிடுவார். மறுநாள் மாவு வாங்கப் பணம் இராது.

இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை; கூட்டலும் கழித்தலும் போதும். அதுவும் உரிமையாளருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பு ஒன்றுதிரண்டு, தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. உறுப்பினர் பலர் அதிகம் பள்ளி சென்றவரல்லர். கணக்கறிவு சங்கத்தில் இருந்தது. உங்கள் இல்லத்தில் அவ்வறிவு இடைநிலைப்பள்ளி சென்ற மகளிடம் இருக்கலாம். மாலையில் கால் மணி நேரம் அவளிடம் குறிப்பேட்டைக் கொடுங்கள். மகன்தான் எழுத வேண்டும் என்று காத்திருப்பது வீண்.

வாடிக்கையாளர், குடும்பத்தார் ஒத்துழைப்பு, கடை அமையும் இடம் ஆகியனவும் முக்கியமே. லயத்தில் ஏற்கெனவே மூவர் விற்கும் பொருளை நான்காமவராக விற்கத் தொடங்குவதை நான் ஆதரிப்பதில்லை.

தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்தல் வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயரில் 60 வெள்ளி. டெக்குன் நேசனலில் இந்தியச் சமுதாயத்திற்கென ஸ்புமி கடனுதவித் திட்டம் உண்டு. கடன் கேட்டுச் செல்லும்போது பதிவுச் சான்றிதழுடன் அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கேள்விகள் இருப்பின் இப்போதே கேட்கலாம்.