குளக்கட்டில் ஏறிய தோழி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



குளக்கோட்டு மன்னன் கட்டியதாக எங்கள் முன்னோர் சொல்லிவந்த கந்தளாய்க் குளம், 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைப்பெடுத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். பிறகு கட்டு திருத்தப்பட்டது, குளம் நிறைந்தது, வயலும் விளைந்தது. அவள் மட்டும் அந்தப் பக்கம் போகவேயில்லை.

நாங்கள் நல்லது செய்வதாகவே நினைத்தோம். அவளைச் சுற்று வழியால் கூட்டிப்போனோம். ஒன்றுகூடல்களைக் குளத்துக்குத் தூரமாக வைத்தோம். பயமோ வருடத்துக்கு வருடம் கூடியது. கடைசியில் கிணற்றடிக்குப் போகவும் மகளைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

பயந்த இடத்தை விட்டு விலகினால் உடனே ஆறுதல் வரும். 'விலகியபடியால்தான் தப்பினாய்' என்று அந்த ஆறுதலே மனதுக்குப் பாடம் சொல்லிவிடும். எங்கள் அன்பும் அந்தப் பாடத்தைத்தான் படிப்பித்தது.

இதற்கான வைத்திய முறைக்கு ஏறக்குறைய எங்கள் சங்கத்தின் வயது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் சாப்பிடும்போது கூட்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்து, நாளடைவில் கிட்டக் கொண்டுவந்தார். முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். 1958இல் ஜோசப் வோல்பே இத்தகைய படிமுறையை விரிவாக நூலாக்கினார்.

எங்கள் தோழியும் மனநல வைத்தியர் ஒருவரின் வழிகாட்டலில் படிகளை எழுதினாள். முதலில் குளத்தின் படம். அடுத்து வாய்க்கால் ஓரம். பிறகு பஸ்ஸிலிருந்து கட்டைப் பார்ப்பது, கட்டின் அடியில் நிற்பது, எங்களுடன் மேலே ஏறுவது. கடைசிப் படி, தனியே ஏறுவது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று புள்ளி போட்டாள். புள்ளி பாதியாகக் குறையும்வரை அங்கேயே நின்றாள். அதே படியைப் பல நாள் செய்த பிறகே அடுத்ததுக்குப் போனாள்.

'பயப்படாதே' என்று சொல்வதை நாங்கள் விட்டோம். "இப்ப எத்தனையடி?" என்று மட்டும் கேட்டோம். ஒரு மாரி நாளில் பாதி வழியில் திரும்பிவிட்டாள். மறுநாள் ஒரு படி கீழிறங்கித் தொடங்கினாள். மாதங்கள் பல சென்று, ஒரு மாலை தனியே கட்டில் நின்றுவிட்டு வந்து சொன்னாள்: "பயம் முழுக்கப் போகல்ல. ஆனா நான் போயிட்டன்."

வெளிநாட்டில் லிப்டில் ஏறவும், ஆங்கிலத்தில் தொலைபேசி எடுக்கவும் தயங்கும் தோழியரே, உங்கள் முதற்படியைச் சிறிதாக வையுங்கள். பழைய துயரம் கனமாக இருந்தால் தனியே தொடங்காதீர்கள், வைத்தியரை நாடுங்கள். இலங்கையில் இருப்போர் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். அருகில் இருப்போரே, சுற்று வழி காட்டாமல் கூட நடவுங்கள்.