வரம்போரத்து வல்லாரை



சாய்ந்தமருது என்ற ஊர்ப் பெயருக்குள் ஒரு மரம் நிற்கிறது. நீர்க்கரையில் சாய்ந்து நின்ற மருத மரமொன்றினால் இப்பெயர் வந்ததென்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்வெளி. நெய்தலையும் மருதத்தையும் நடந்தே கடந்துவிடக்கூடிய தூரத்துக்குள் வைத்திருக்கும் ஊர் இது. ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த மரத்தைப் பற்றியல்ல. மருத நிலத்தின் சேற்றோரங்களில், மிதிபடும் உயரத்தில் படர்ந்து கிடக்கும் வல்லாரையைப் பற்றி.

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். குளத்துத் தாமரை அதில் இருக்கிறது. கடற்கரை மணலில் ஓடும் அடும்பும் இருக்கிறது. வல்லாரை இல்லை. கபிலரைக் குறை சொல்வதற்கில்லை. வல்லாரையின் பூ ஊதா கலந்த சிறு பொட்டு. அதுவும் இலைக்குக் கீழே, மண்ணோடு மண்ணாக ஒளிந்திருக்கும். முழங்காலில் குந்தி இலையை விலக்கிப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். அப்படிக் குந்தியவர்கள் புலவர்கள் அல்லர், கறிக்கு இலை தேடிய பெண்கள்.

எங்கள் மூத்தம்மாவும் அப்படிக் குந்தியவர்தான். வாய்க்கால் ஓரத்தில் இலையைக் காம்போடு கிள்ளுவார். கொடியைப் பிடுங்க விடமாட்டார். அதற்குக் காரணம் உண்டு. வல்லாரையின் தண்டு தரையில் ஓடி, ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு, அங்கிருந்தே புதிய இலைகளை எழுப்பும். கணு மண்ணில் இருக்கும்வரை செடி சாவதில்லை. பறித்த இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மாசித்தூள், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்தால் சம்பல் ஆயிற்று. வீட்டில் காசில்லாத நாளிலும் சோற்றுக்கு ஒரு துணை கிடைத்தது. வரம்பு யாருடையதாக இருந்தாலும் வரம்போரத்து இலை எல்லோருக்கும் பொதுவானதாக இருந்தது.

சோதனைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வல்லாரை கொடுத்தால் ஞாபகசக்தி கூடும் என்பார்கள். நானும் நிறையத் தின்றிருக்கிறேன். ஆயினும், பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிவாற்றலை வல்லாரை கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடிவு கூறியது. இதனால் வல்லாரைக்கு ஒரு குறையும் இல்லை. அதன் உண்மையான பெருமை மூளையில் அல்ல, தோலில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

புதுச்சேரியில் பணியாற்றிய லெப்பின் என்ற பிரெஞ்சு மருந்தாளர், குட்டநோய்க்கு மருந்து தேடும் நோக்கில் 1855ஆம் ஆண்டளவில் இச்செடியை இரசாயன முறைப்படி ஆராய்ந்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு அவர் இட்ட பெயர் 'வெல்லாரின்'. நமது பெண்கள் வாயில் வழங்கிய 'வல்லாரை' அப்படியே பிரெஞ்சுக்காரரின் குப்பிமேல் ஏறிவிட்டது! பின்னர் 1941இல், மடகஸ்கார் தீவின் வல்லாரையிலிருந்து ஏசியாட்டிக்கோசைட் பிரித்தெடுக்கப்பட்டது. புண் ஆறும்போது புதிய தசை வளர உதவும் பொருள் அது. குட்டநோயாளரின் ஆறாத புண்களிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அந்நோயைக் குணப்படுத்தியது பிற்காலத்துக் கூட்டு மருந்துச் சிகிச்சையே என்பதையும் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில், இந்நோயின் பெயரால் மனிதர்களை ஊரிலிருந்து பிரித்து வைத்த காலத்தை நமது கிழக்கு மாகாணம் அறியும். எல்லோரும் ஒதுக்கிய புண்ணுக்கு, எல்லோரும் மிதித்த செடியிடம் மருந்து தேடியிருக்கிறார்கள்.

இப்போது அந்தச் செடி எங்கே? சந்தையில் இருக்கிறது, பெரிய இலையும் நீண்ட காம்புமாக, பயிரிடப்பட்டுக் கட்டாகக் கட்டி வருகிறது. நான் தேடுவது ஓரத்து வல்லாரையை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எங்கள் கரையோரத்தை அழித்த பிறகு, ஊர் மேற்கே நகர்ந்தது. வயலும் சதுப்புமாக இருந்த நிலம் மண் கொட்டி உயர்த்தப்பட்டு வீடுகள் எழுந்தன. வீடிழந்தவர்களுக்கு வீடு வேண்டாமென்று எந்த மனிதன் சொல்வான்? நான் சொல்லமாட்டேன். ஆனால் மண் நிரப்பும்போது முதலில் மறைவது நடுவயல் அல்ல, ஓரம்தான். எஞ்சிய வரம்புகளில் களைநாசினி விழுகிறது. ஊரின் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் தோணாவின் ஓரத்தில் குப்பை கிடக்கிறது. அழுக்கு நீரிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களை வல்லாரை தன் உடலில் ஏற்றிக்கொள்ளும். ஆகையால் வடிகான் ஓரத்தில் முளைத்ததைக் கண்டு ஆசைப்பட்டுப் பறித்துவிடாதீர்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டில் வயதான உம்மாமார், மூத்தம்மாமார் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். எந்த வட்டையில், எந்த வாய்க்கால் ஓரத்தில் அவர்கள் இலை பறித்தார்கள் என்று கேளுங்கள். அந்த வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் வரம்புகளுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்கள் பல எந்தப் படத்திலும் இல்லை. அவர்கள் சொல்வதைச் சொல்கிற மாதிரியே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.