விறகும் வேலியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மரம், குழை, சாணம் ஆகியவற்றிலிருந்து நெருப்பும் மின்சாரமும் பெறுவதை இன்று உயிரிசக்தி என்கிறார்கள். பெயர் புதிது; பொருள் நம் அடுப்படிக்குப் பழையது. காவோலையும் பன்னாடையும் ஊமலும் எரித்தே நம் பாட்டிமார் சோறாக்கினர். பனை நின்றது, அது உதிர்த்தது எரிந்தது. முதலைக் காத்து வட்டியைச் செலவிடுதல் என்பது இதுவே.

முதலிலே கைவைத்த காலத்தையும் பெரியோர் அறிவர். 1990இல் போர் மீண்டு, மின்சாரம் அற்று, மண்ணெண்ணெய் அரிதானபோது மரங்கள் விறகாயின. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகள் சாய்ந்தன. வடலி பனையாகப் பல்லாண்டு வேண்டும். தறிக்க ஒரு பொழுது போதும்.

2005இல் இலங்கை அரசு, தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகச் சீமைக்கிளுவையை ஏற்றது. வெட்ட வெட்டத் தழைக்கும் மரம் அது. தடி எரிபொருள்; குழை தோட்டத்துக்குப் பசளை, ஆட்டுக்குத் தீன். நல்லதுதான். ஆனால் எங்கே நடுவது?

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லில் இறங்கித் தங்குவதே நம் கிணற்றுநீர். வெங்காயமும் மிளகாயும் விளையும் செம்மண்ணை எரிபயிருக்கு விட்டு, அதற்கு நீரும் இறைப்பது, அடுப்பு மூட்ட உலக்கையை எரிப்பதற்கு ஒப்பாகும். வன்னிக் காட்டைத் தறித்து இங்கே எரிப்பதோ, நம் கடனை அயலார் கொப்பியில் எழுதுவதாகும்.

ஆகவே இடம் தோட்டமன்று, வேலி. மதில் எழுப்பும் ஆசையிலே நாம் இழந்துவரும் வேலி! கதியாலை ஊன்றினால் ஆண்டுதோறும் விறகும் குழையும் தரும்.

அடுத்தது சாணம். காயவைத்து எரித்தால் அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும். வாயுக் கலத்திலிட்டாலோ அடுப்புக்கு வாயு கிடைக்கும்; மிஞ்சும் கரைசல் பசளையாகும். அதையும் அளவோடு இடுக. மிஞ்சினால் நைத்திரேற்றாகிக் கிணற்றில் இறங்கும்.

இவை வீட்டு அடுப்புக்கு உதவும். குடாநாடு முழுவதற்கும் மின்சாரம் தந்துவிடா. அதற்கு வெயிலும் காற்றும் உண்டு. 2014இல் பளையில் காற்றாலைகள் எழுந்ததைக் கண்டோம்.

இளைஞர்களே, நாளை எவரேனும் எரிபொருட் திட்டத்தோடு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: நீர் எங்கிருந்து? நிலம் யாருடையது? வெட்டியது மீண்டும் தழைக்குமா? மூன்றுக்கும் நேரான விடை தருபவருக்குத் தோள் கொடுங்கள். இவ்வாண்டு ஒவ்வொருவரும் பத்துக் கதியாலேனும் ஊன்றுங்கள்.