பாயும் சீட்டும்
(மணமேல்குடியில் ஆற்றிய உரை)

இந்த மணமேல்குடிக் கடலிலே தெற்கே பாய்விரித்துப் பாம்பனைத் தாண்டினால் வேதாளை. 1538இல் அங்கேதான் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கப்பற்படையைப் பறங்கியர் முறியடித்தனர். படை நடத்தியோர் யார்? மரைக்காயர்கள்! மன்னன் இந்து, தளபதி முஸ்லிம். மதம் குறுக்கே நிற்கவில்லை.

மேனாட்டானுக்கும் முஸ்லிமுக்கும் நடந்தது மதப்போரே என்பாருளர். சிலுவை பொறித்த பாயோடு வந்தான், மெய்தான். ஆனால் அவன் கேட்டதென்ன? 'கர்த்தாஸ்' எனும் அனுமதிச் சீட்டு! நம் கடலிலே நாம் கலம் செலுத்த, நேற்று வந்தவனிடம் சீட்டு. இல்லையேல் கப்பலும் சரக்கும் பறிமுதல். மிளகன்றோ பகைக்கு வேர்!

1600இல் நான்காம் குஞ்ஞாலி வீழ்ந்தது எப்படி? சாமூதிரியே பறங்கியரோடு கைகோத்தான். உயிருக்கு உறுதி பெற்றுத் தன் மன்னனிடம் சரணடைந்தவனைப் பறங்கியர் பற்றினர். கோவாவுக்குக் கொண்டுசென்று தலை கொய்தனர்.