பிள்ளைகள் கூறும் உவமை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தஞ்சைச் சீமையில் நெடுநாள் தமிழாசிரியனாயிருந்து வியாசம் திருத்திய அடியேனுக்குச் சிரிப்புக்குக் குறைவிருந்ததில்லை. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையே நம் பக்கத்துப் பஞ்சாங்கமன்றோ? ஒரு மாணாக்கன் எழுதினான்: "தாயின் அன்பு மேட்டூர் அணை போன்றது, ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும்." எஞ்சிய நாட்களில் பிள்ளை என் செய்வான், பாவம்! மற்றொருவன் தலைவியின் முகத்தைத் தாமரையாக்கி, அருகே ஒரு தவளையையும் இருத்திவிட்டான்.

இவற்றுள் ஒன்றை மட்டும் மறக்க இயலவில்லை. "வாய்க்காலில் நீர் வருவது கலியாணப் பந்தியில் சாம்பார் வாளி வருவது போலாம், கடைசி இலைக்கு எட்டுவது ஐயம்." வகுப்பில் உரக்கப் படித்தேன், அனைவரும் நகைத்தனர். உவமை உயர்ந்த பொருளாதல் வேண்டுமென்பது தொல்காப்பியர் விதியன்றோ என்று சிவப்பு மையால் அடித்தும்விட்டேன்.

அப்பிள்ளையின் ஊர் வேதாரணியம் பக்கத்துக் கடைமடை. கல்லணைக்கருகில் உள்ளோர் நடவு முடித்த பின்னும் வானத்தை நோக்கிக் கிடக்கும் வயல் அவன் தந்தையுடையது. வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியரே வகுத்த நான்கனுள் வினையும் பயனும் அவ்வுவமையில் பிசகின்றிப் பொருந்தியிருந்தன. நிலாமுகமும் முத்துப்பல்லும் எழுதியோர்க்கு மதிப்பெண் அள்ளி வழங்கிய கை இது.

அதற்குப்பின் அவன் எழுதியவற்றில் உவமையே இல்லை. "ஆற்றில் நீர் வந்தது" என்ற அளவில் நிறுத்திக்கொண்டான்.